முந்திக்கிட்டேன்

பெட்டி: பின்வாசல் வழியா ஏன்டா வர்றே? முன்வாசல்ல முள்ளா போட்டு வச்சிருக்கேன்?

குச்சி: பழகிப்போச்சு அத்தான். நீங்க பஸ் ஓட்டப் போனப்புறம் வந்து, திரும்புறதுக்குள்ள போற ஆளு நான். இந்த வீட்டுல எனக்குப் பின்வாசல்தான் தெரியும்.

பெட்டி: குத்திக் காட்டாதே. போன் பண்ணி வரச்சொன்னது நான்தானே?

குச்சி: ஆமா. இத்தனை வருஷத்துல முதல் தடவையா. எவனோ ஏமாத்துக்காரன் உங்க பேரைச் சொல்லிப் பேசுறான்னு நெனச்சு போனை வச்சுட்டேன்.

பெட்டி: திரும்பப் பண்ணினேன். திரும்பவும் வச்சே.

குச்சி: உங்க குரல் அப்படி இருந்துச்சு. அழுத குரல். நீங்க அழுது நான் எங்கே கேட்டிருக்கேன்?

பெட்டி: ...கொண்டு வந்தியா?

குச்சி: முதல்ல அக்கா எப்படி இருக்கா, அதைச் சொல்லுங்க.

பெட்டி: தூங்குறா. மெதுவாப் பேசு. கதவு ஒருக்களிச்சுத்தான் இருக்கு.

குச்சி: டாக்டர் என்ன சொன்னான்?

பெட்டி: இனிமே வீட்டுல வச்சுப் பார்த்துக்கங்கன்னாரு.

குச்சி: அதை நல்ல சேதியாச் சொன்னானா, கெட்ட சேதியாச் சொன்னானா?

பெட்டி: இந்தா, முதல்ல தண்ணி குடி.

குச்சி: சரி விடுங்க. புரியுது. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பான். வெள்ளைக் கோட்டுக்காரன் சிரிப்பை மட்டும் நான் நம்பவே மாட்டேன்.

பெட்டி: நர்ஸ் வந்து ஊசி போட்டுட்டுப் போச்சு. இனிமே தூக்கம்தான் கூடும், முழிப்பு குறைஞ்சுக்கிட்டே வரும்னு சொல்லிச்சு. காலையில கொஞ்ச நேரம் தெளிவா இருந்தா. அப்பதான் கேட்டா.

குச்சி: என்னன்னு கேட்டா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

பெட்டி: ‘அந்தப் பாட்டை ஒரு தடவை போடுங்க’ன்னா. எந்தப் பாட்டுன்னேன். ‘நம்ம பாட்டு’ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த வீட்டுல அந்தப் பேச்சை எடுத்து எத்தனை காலம் ஆச்சு!

குச்சி: வேற ஒண்ணும் சொல்லலையா?

பெட்டி: ‘தம்பிகிட்ட இருக்கு’ன்னா. ரெக்கார்டு உன்கிட்ட இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

குச்சி: ...சமையல்கட்டுல குழாய் சொட்டுதே அத்தான். வாஷர் போயிருக்கு.

பெட்டி: பேச்சை மாத்தாதே.

குச்சி: பிளம்பர் காதுக்கு அதுதான் முதல்ல கேட்கும். இந்தாங்க. பையிலேருந்து நீங்களே எடுங்க, என் கையெல்லாம் கிரீஸ். ஓரத்தைப் பிடிங்க. நடுவுல விரலை வைக்காதீங்க.

பெட்டி: ரெக்கார்டு பிடிக்க எனக்கே சொல்லித் தர்றியா? ...அட்டை கூடக் கிழியலையேடா.

குச்சி: பத்திரமா வச்சிருந்தேன். அந்த அட்டையில இருக்கிற மூஞ்சியைப் பாருங்க.

பெட்டி: ஐயய்யோ. இது நானா?

குச்சி: வேற யாரு? தோள்ல பலகை வச்சுத் தச்ச கோட்டு, கண்ணுல மை, நெத்தியில விழுற முடி. இப்ப முடியும் இல்லை, நெத்திதான் இருக்கு.

பெட்டி: மை தடவினது உங்க அண்ணன். ‘நியூ வேவ் பாட்டுக்காரன்னா இப்படித்தான் மச்சான் இருக்கணும்’னான். நம்ம சபை பாஸ்டர் பார்த்துட்டு, ‘கண்ணு வலியா தம்பி’ன்னு விசாரிச்சாரு.

குச்சி: நான் பாதி மூஞ்சிதான் விழுந்திருக்கேன். டிரம்ஸ் குச்சி ரெண்டும் முழுசா விழுந்திருக்கு.

பெட்டி: அதுலதானே உனக்கு அந்தப் பேரே வந்துச்சு.

குச்சி: உங்களுக்குப் பெட்டின்னு பேரு வந்தது மட்டும் எதுல? அந்தக் கீபோர்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி ஏறி முதுகு வளைஞ்சதுலதானே... அண்ணன் எப்படி நிக்கிறான் பாருங்க. பாடுறவன்னு நடுவுல. கேமராவைப் பார்க்காம எங்கேயோ பார்த்துக்கிட்டு.

பெட்டி: மேலே, பரலோகத்தைப் பார்க்கிறானாம். போட்டோக்காரன் பல்புல என்ன கோளாறுன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

குச்சி: போய்ச் சேர்ந்துட்டான். இருந்திருந்தா இப்ப நம்ம ரெண்டு பேரையும் உட்கார வச்சு ஒரு மணி நேரம் ஜெபம் பண்ணியிருப்பான்.

பெட்டி: ‘கண்ணாடிக் கடல்’... குழுவுக்கு இது ஒரு பேரு!

குச்சி: போஸ்டரைப் பார்த்துட்டு ஒருத்தன் ஜன்னலுக்குக் கண்ணாடி போடணும்னு அளவோட வந்து நின்னானே.

பெட்டி: அவனையும் விட்டானா உங்க அண்ணன்? சபைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

குச்சி: போட்டது ஒரே ஒரு தட்டு. அதுல ஒரு பாட்டு. சபையில ‘இது ஆட்டப் பாட்டு, உள்ளே எடுத்துட்டு வராதே’ன்னாங்க. ரேடியோவுல ‘இது சாமிப் பாட்டு, இங்கே போட முடியாது’ன்னாங்க. ரெண்டு பக்கமும் உதை வாங்கின பந்து மாதிரி ஆயிட்டோம்.

பெட்டி: ஆனா கேட்டவன் ஒருத்தனும் மறக்கலைடா.

குச்சி: எப்படி மறப்பான்? காதுல ஏறினா இறங்காத மெட்டாச்சே. போன மாசம் ஒரு வீட்டுல தண்ணித் தொட்டி மாத்தப் போனேன். வீட்டுக்காரன் என்னைவிடச் சின்னவன். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு முணுமுணுக்கிறான். ‘முந்திக்கிட்டேன், முந்திக்கிட்டேன், வாசலில நிக்கிறேன்’னு. யாரு பாட்டுய்யா இதுன்னேன். ‘யாரோ பாடினது, சின்ன வயசுல ஸ்கேட்டிங் ஹால்ல போடுவாங்க’ன்னான்.

பெட்டி: நான்தான் டிரம்ஸ் அடிச்சேன்னு சொல்லலையா?

குச்சி: எதுக்கு? அப்புறம் அவன் ஏணியை விட்டுட்டுக் கை குலுக்குவான். நான் கீழே விழுவேன்.

பெட்டி: ...வேகமாத்தானே முணுமுணுத்தான்?

குச்சி: வேகமாத்தான். அந்தப் பாட்டு தெரிஞ்சவன் எல்லாருக்கும் அந்த வேகம்தான் தெரியும்.

பெட்டி: அது பாட்டே இல்லைடா. சரி வா, இதைப் பாரு. ரெக்கார்டு பிளேயர் வாடகைக்குக் கொண்டு வந்திருக்கேன்.

குச்சி: இந்தக் கடைக்காரனை நம்பலாமா? முள்ளு தேஞ்சிருந்தா தட்டைக் கீறிடும்.

பெட்டி: புது முள்ளு போட்டு வாங்கிட்டு வந்தேன். இதான் வேக விசை. நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து, அதுல வச்சுட்டேன். அவ முழிச்சதும் போட்டுடலாம்.

குச்சி: வேண்டாம் அத்தான்.

பெட்டி: என்ன வேண்டாம்?

குச்சி: நாப்பத்தஞ்சுல வைங்க, வேகமான சுத்துல.

பெட்டி: ...வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?

குச்சி: நான் ஒண்ணும் சண்டைக்கு வரலை. நாப்பத்தஞ்சுல வைங்கன்னுதான் சொல்றேன்.

பெட்டி: டேய், தட்டுல பாட்டை வெட்டிப் பதிச்சதே முப்பத்துமூணுலடா! தட்டு அடிச்ச அந்தப் பிரஸ்காரன் அதுவரைக்கும் பிரசங்கத் தட்டைத் தவிர வேற எதையும் கண்டதில்லை. சின்னத் தட்டுல பெரிய பிரசங்கம் அடங்கணும்னு எல்லாத்தையும் மெதுவான வேகத்துல வெட்டுவான். கைப்பழக்கத்துல நம்ம பாட்டையும் அப்படியே வெட்டிட்டான். மேலே லேபிள்ல வேகத்தையும் போடலை. சின்னத் தட்டைப் பார்த்தா எவனும் நாப்பத்தஞ்சுலதான் ஓட்டுவான். ஓட்டினான். அழுகைப் பாட்டு குதிரை ஓட்டமாப் போச்சு.

குச்சி: எனக்குத் தெரியாததையா சொல்றீங்க? வேலையை விசுவாசி கையிலதான் குடுக்கணும்னு அண்ணன் ஒத்தைக்கால்ல நின்னான். விசுவாசின்னா வேலை தெரிஞ்சவன்னு அர்த்தமான்னு நான் அன்னைக்கே கேட்டேன்.

பெட்டி: அப்புறம் எதுக்கு நாப்பத்தஞ்சு? அந்தப் பாட்டு யாருக்கு எழுதினதுன்னு மறந்துட்டியா?

குச்சி: மறப்பேனா? என் தோள்ல உட்கார்ந்து வளர்ந்த பய.

பெட்டி: எங்கே கூட்டிட்டுப் போனாலும் என் பிள்ளை நம்ம கையை உதறிட்டு ஓடுவான். முதல் ஆளா வாசல்ல போய் நின்னுக்கிட்டுக் கத்துவான். முந்திக்கிட்டேன், முந்திக்கிட்டேன்னு... பள்ளிக்கூடத்துல கூடச் சேர்க்கலை. ஒரே ஒரு காய்ச்சல், போயிட்டான்.

குச்சி: வேண்டாம் அத்தான். இப்ப எதுக்கு...

பெட்டி: இல்லை, சொல்றேன். அடக்கம் முடிஞ்ச வாரம் உங்க அண்ணன் அந்தப் பாட்டைக் கொண்டு வந்தான். பிள்ளை மேலே அந்தப் பரமபிதா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சொல்ற மாதிரி. நான் முந்திக்கிட்டேன், நீங்க மெல்ல வாங்கன்னு. என்னால ஒரு விரல் வச்சுத்தான் வாசிக்க முடிஞ்சுது. உன்கிட்ட என்ன சொன்னேன்? டிரம்ஸை ஒரு ஆளு நடக்கிற மாதிரி அடின்னேன்.

குச்சி: அப்படித்தானே அடிச்சேன்.

பெட்டி: அதைப் போட்டுக் காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுச் சுத்தினானுங்கடா. சிரிச்சுக்கிட்டு. யாரு முந்துறதுன்னு பந்தயம் கட்டிக்கிட்டு.

குச்சி: சின்னப் பசங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

பெட்டி: உங்களுக்குத் தெரியும்ல? ஸ்கேட்டிங் ஹால்காரன் கூப்பிட்டதும் அண்ணனும் தம்பியும் பல்லை இளிச்சுக்கிட்டுக் கிளம்பினீங்களே. ‘அந்தச் சுருதியில யாராலயும் பாட முடியாது, தட்டை ஓட விடுறேன், நீங்க மேடையில நின்னு வாயை மட்டும் அசைங்க’ன்னான். அதுக்கும் தலையாட்டினீங்க.

குச்சி: சபையிலதான் கேட்கலை, ஆடுற பயலுகளாச்சும் கேட்கட்டும்னான் அண்ணன். அவன் மனசுல கள்ளம் கிடையாது. நீங்களும்தான் மேடை ஏறினீங்க.

பெட்டி: ஏறினேன். உங்க அக்காகாரி போய்ட்டு வாங்கன்னு சொன்னதால ஏறினேன்.

குச்சி: முதல் சரணம் தாண்டலை, பிளேயர் ஒயரைப் பிடுங்கி எறிஞ்சுட்டு இறங்கிப் போயிட்டீங்க. பாட்டு நின்னுபோச்சு. அண்ணன் வாய் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருக்கு. அவனுக்குப் பாட்டு நின்னதே தெரியலை. ஹாலே சிரிச்சுது. அவன் சாகிற வரைக்கும் அதுக்கப்புறம் மைக்கைத் தொடலை, தெரியுமா?

பெட்டி: தெரியும்.

குச்சி: நானும் குச்சியைத் தொடலை. நீங்க எங்களோட பேச்சை விட்டீங்க. ஒரு தட்டோட எல்லாம் முடிஞ்சுது.

பெட்டி: என் பிள்ளையை வச்சு ஆடினாங்கடா. வேற என்ன செய்யச் சொல்றே?

குச்சி: நான் ஒண்ணும் சொல்லலை. விசையை மட்டும் மாத்துங்கன்றேன்.

பெட்டி: ஏன்? ஒரு காரணம் சொல்லு, மாத்துறேன்.

குச்சி: அக்காவுக்கு அதுதான் பழக்கம்.

பெட்டி: பழக்கமா? இந்த வீட்டுக்குள்ள அந்தத் தட்டு வந்ததே இல்லை. எங்கே கேட்டுப் பழகினா? சொல்லுடா.

குச்சி: எங்க வீட்டுல.

பெட்டி: உங்க வீட்டுக்கு அவ வாரா வாரம் வந்தது... உன் பொண்டாட்டிக்குத் தையல் சொல்லிக் குடுக்கிறேன்னுல்ல சொல்லிட்டு வருவா?

குச்சி: என் பொண்டாட்டிக்கு இன்னைக்கு வரைக்கும் ஊசியில நூல் கோக்க வராது அத்தான். உட்காருங்க. நின்னுக்கிட்டே இருக்காதீங்க.

பெட்டி: இத்தனை வருஷமா?

குச்சி: முடியாம படுக்கிற வரைக்கும் வந்தா.

பெட்டி: அதுவும் அந்தக் கூத்தாடுற வேகத்துல?

குச்சி: அந்த வேகத்துலதான்.

பெட்டி: உட்கார்ந்து அழுவாளா?

குச்சி: மாட்டா. எங்க வீட்டுத் துணியை எல்லாம் எடுத்து மடிச்சு வைப்பா. ஒரு தடவை கேட்பா, இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்பா. சில நாள் சிரிப்பா. எழுந்து போயிடுவா.

பெட்டி: சிரிப்பாளா? அந்தப் பாட்டைக் கேட்டு... அவளுக்கு எப்படிடா சிரிப்பு வருது?

குச்சி: அதை என்கிட்ட கேட்காதீங்க.

பெட்டி: உனக்குத் தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு.

குச்சி: தெரியும். சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்கா.

பெட்டி: நான் அவ புருஷன்டா!

குச்சி: உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் வாங்கினா. ஊர்ல மத்தவன்கிட்ட சொல்றதுக்கு எதுக்கு வாக்கு?

பெட்டி: அப்படின்னா கேட்டுக்கோ. அவ இன்னொரு தடவை தெளிவா முழிப்பாளோ மாட்டாளோ. கடைசியாக் கேட்கப்போற பாட்டை ஒழுங்காக் கேட்கட்டும். உங்க அண்ணன் எப்படிப் பாடினானோ, நான் எப்படி வாசிச்சேனோ, அப்படி. அவ ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

குச்சி: அவ கேட்டது அதை இல்லைன்னா? நீங்க இதைப் போட்டு, அது முடியறதுக்குள்ள அவ கண்ணு செருகிட்டா? திருப்பிப் போட யாரு முழிச்சிருப்பா? நல்லா யோசிச்சுக்குங்க அத்தான். நான் கெஞ்சுறவன் இல்லை. இப்ப கெஞ்சுறேன்.

பெட்டி: காரணத்தைச் சொல்லு.

குச்சி: சொல்ல மாட்டேன்.

பெட்டி: அப்ப முப்பத்துமூணுதான்.

அக்கா: தம்பி வந்துட்டானா?

பெட்டி: முழிச்சுட்டா. பிளேயரோட அந்தப் பக்கத்தைப் பிடி. மெதுவா... நிலைப்படி.

குச்சி: வந்துட்டேன்க்கா. இங்கேதான் இருக்கேன்.

அக்கா: ரெண்டு பேரும் ஒரே அறையில நிக்கிறீங்க... நான் செத்துட்டேனா?

குச்சி: உனக்கு வாய் மட்டும் குறையலைக்கா.

அக்கா: கத்திக்கிட்டு இருந்தீங்களே. கேட்டுச்சு.

பெட்டி: கத்தலை. பேசிக்கிட்டிருந்தோம். தலையைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறேன்... வலிக்குதா?

அக்கா: இல்லைங்க. போடுங்க.

பெட்டி: மாப்ள, ஒயரைச் செருகு. நான் முள்ளை வைக்கிறேன்.

குச்சி: அத்தான்...

பெட்டி: சும்மா இரு... இந்தா, கேளும்மா. இதை நீ கேட்டதில்லை. இதான் நிஜமான பாட்டு... இது நான். இந்த ஒத்தை விரல். கேட்குதா?

அக்கா: கேட்குது.

பெட்டி: இப்ப உன் தம்பி. நடக்கிற மாதிரி.

அக்கா: ...அண்ணன்.

பெட்டி: ஆமா, உங்க அண்ணன்தான். எவ்வளவு நிறுத்தி நிதானமாப் பாடுறான் பாரு.

அக்கா: நல்லாப் பாடியிருக்கான். அழுதுக்கிட்டே பாடியிருக்கான். பாவம்... ரொம்ப நல்லா இருக்குங்க.

பெட்டி: சொன்னேன்ல மாப்ள?

அக்கா: போதும்ங்க.

பெட்டி: இன்னும் ரெண்டாவது சரணம் இருக்கே.

அக்கா: இது அண்ணன். அண்ணனைக் கேட்டுட்டேன். இப்ப அவனைப் போடுங்க.

பெட்டி: எவனை?

அக்கா: தம்பி... இவர்கிட்ட நீ சொல்லவே இல்லையா?

குச்சி: நீ சொல்லாதேன்னே. நான் சொல்லலை. அடிக்கிற வரைக்கும் போயிட்டாரு, சொல்லலை.

அக்கா: முள்ளைத் தூக்கு. தட்டு தேயும்.

குச்சி: தூக்கிட்டேன்க்கா.

அக்கா: ஏங்க... கோவப்படாமக் கேட்கணும். வேகமா ஓடுறப்ப அண்ணன் குரல் சின்னதாயிடுதுங்க. பிள்ளைக் குரலா ஆயிடுது. முதல் தடவை அந்த ஸ்கேட்டிங் ஹால் பக்கம் நடந்து போறப்பத்தான் கேட்டேன். உள்ளேருந்து வருது. முந்திக்கிட்டேன்னு. நடுரோட்டுல நின்னுட்டேன். பின்னாடி ஒருத்தன் வண்டியை நிறுத்திட்டுத் திட்டுறான். என்னால நகர முடியலை. அவன் போட்டோ இருக்கு. சட்டை இருக்கு. குரல்தான் இல்லை. வீடு பூரா மைக்கும் டேப்புமா இருந்துச்சு, பிள்ளை பேசினதை ஒரு தடவை பிடிச்சு வைக்கணும்னு நமக்குத் தோணலையே.

குச்சி: அக்கா, மூச்சு வாங்குது. அப்புறம் பேசு.

அக்கா: அப்புறம் எப்பப் பேசுறது? ...அது அண்ணன்தான்னு எனக்குத் தெரியும்ங்க. எனக்குப் புத்தி கெடலை. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன். மூணு நிமிஷம் வாசல்ல நிக்கிறான், கத்துறான், போயிடுறான். எனக்கு அது போதும். வந்து உங்களுக்குச் சோறு போட, ஒரு வாரம் நடமாட, அது போதும்.

பெட்டி: என்கிட்ட ஏன் சொல்லலை?

அக்கா: நீங்க ஒயரைப் பிடுங்கினவரு. அதுல பிள்ளையை வச்சு ஆடுறாங்கன்னு உங்களுக்குத் தாங்கலை. எனக்கு அதுலதான் பிள்ளையே இருக்கு. அதையும் நீங்க பிடுங்கிட்டா நான் எங்கே போவேன்?

குச்சி: அத்தான்... விசையைத் திருப்பவா?

அக்கா: கொஞ்சம் இருடா. அவர் வெளியே போய் நிக்கட்டும். அவரால கேட்க முடியாது. அவருக்கு அது வெறும் ஆட்டப் பாட்டு.

குச்சி: அத்தான்?

பெட்டி: திருப்பு மாப்ள. நான் எங்கேயும் போகலை... ஆடினாங்கன்னு ஒயரைப் பிடுங்கலைடி. அன்னைக்கு அந்த மேடையில, முதல் வரியிலயே, எனக்கும் நம்ம பிள்ளை குரல்தான் கேட்டுச்சு.